தாய் வகுப்பும் சேய் வகுப்பும்: மரபுரிமை, ஓவர்ரைடிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் மாலை நேரத்தில் செய்நிரலாக்கம் படிக்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், உயர்தரத்துக்குத் தகவல் தொழினுட்பம் எடுத்தவர்கள், அரிசி ஆலைக்கும் மருந்துக் கடைக்கும் பில் போடும் மென்பொருள் எழுதிச் சம்பாதிப்பவர்கள் என்று கேட்பவர்கள் பலவகை. விடைகளில் ஜாவா என்ற செய்நிரல் மொழி முன்னே நிற்கும். பைதனும் சி பிளஸ் பிளஸ்ஸும் வேறு வழியில் போகும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். மாதிரி நிரல் தமிழில் இருக்கிறது; கட்டளைச் சொற்களை உங்கள் மொழிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வகுப்பு என்பது ஒரு வகைப் பொருளுக்கான வரைவு, ஒப்ஜெக்ட் அந்த வரைவின்படி உருவாகும் ஒன்று, மெதட் அது செய்யும் வேலை, மாறி மதிப்பை வைத்திருக்கும் பெயர். ஒரு வகுப்பை அடிப்படையாக வைத்து எழுதும் வகுப்பு சேய், அந்த அடிப்படை வகுப்பு தாய்.

மரபுரிமை என்றால் தகப்பனின் சொத்து மகனுக்கு வருவது என்று படித்தோம். சரிதானே?

பாதிதான் சரி. அந்தப் பாதியும் எங்கள் பகுதியில் சறுக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதுதான் வழக்கம். மகன் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர்கிறவன்.

பெரிய குறை வேறொன்று. சொத்து கைமாறினால் கொடுத்தவரிடம் அது மிஞ்சாது. தாய் வகுப்பு எதையும் இழப்பதில்லை. சேய் வகுப்பில் உருவாகும் ஒவ்வொரு ஒப்ஜெக்டும் தாய் வகுப்பின் ஒப்ஜெக்டாகவும் எண்ணப்படுகிறது என்பதே மரபுரிமையின் சாரம். அதனால் சொத்தை விட்டுவிட்டு, இங்கே தாய்வழியாக வரும் குடியை, அதாவது குலப்பிரிவை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடியில் பிறந்தவர் அந்தக் குடியின் ஆளாகவே எல்லா இடத்திலும் மதிக்கப்படுகிறார். கோயிலில் அந்தக் குடிக்கு ஓர் உரிமை இருந்தால் அவருக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு கடமை இருந்தால் அதையும் அவரிடம் எதிர்பார்ப்பார்கள். உரிமை வேண்டும், கடமை வேண்டாம் என்று சொல்ல இடமில்லை.

மரபுரிமையைத் தட்டச்சு மிச்சப்படுத்தும் உத்தியாகப் பார்க்கிறவர்கள் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். தாய் வகுப்பு வெளியுலகத்துக்குக் கொடுத்திருக்கும் வாக்கைச் சேய் வகுப்பும் காப்பாற்ற வேண்டும். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வருபவை.

நிரலில் காட்டுங்கள், சேர்.

அம்பாறைப் பக்கத்தில் நெல் வாங்கும் ஆலை ஒன்றுக்கு நிரல் எழுதுகிறோம். நெற் சந்தைப்படுத்தல் சபை தரமான நெல்லுக்கு 14 வீத ஈரப்பதத்தை மேல் எல்லையாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஈரமாக வரும் நெல்லுக்கு எங்கள் ஆலை எடையைக் கழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழிவுக் கணக்கு ஆலைக்கு ஆலை மாறும். கீழே உள்ளது நான் எளிமைக்காகப் போட்டது.

வகுப்பு நெல்
    கிலோ, கிலோவிலை
    விலை():
        திருப்பு கிலோ × கிலோவிலை
    ரசீது():
        அச்சிடு "செலுத்த வேண்டியது: ", விலை()

வகுப்பு ஈரநெல், தாய் நெல்
    ஈரப்பதம்
    விலை():
        கழிவு = கிலோ × (ஈரப்பதம் − 14) ÷ 100
        திருப்பு (கிலோ − கழிவு) × கிலோவிலை

ஈரநெல் வகுப்பில் கிலோவும் கிலோவிலையும் ரசீது மெதட்டும் எழுதப்படவில்லை. அவை தாயிடமிருந்து வருகின்றன. விலை மெதட் மட்டும் அதே பெயரில், அதே வடிவில் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. இதுதான் மெதட் ஓவர்ரைடிங். தமிழில் மேலெழுதல் என்போம்.

கிலோ 100 ரூபாய் வீதம் 1000 கிலோ காய்ந்த நெல்லுக்கு 1,00,000 ரூபாய் வரும். அதே அளவு 18 வீத ஈரத்தில் வந்தால் 40 கிலோ கழிந்து 96,000 ரூபாய்.

இனி ரசீது மெதட்டைப் பாருங்கள். அது தாய் வகுப்பில் எழுதப்பட்டது. எழுதியபோது ஈரநெல் என்ற வகுப்பே பிறந்திருக்காமல் இருக்கலாம். ஆனாலும் ஈரநெல் ஒப்ஜெக்டிடம் ரசீது கேட்டால் 96,000 என்றே அச்சாகும். பழைய நிரல், தனக்குத் தெரியாத புதிய வகுப்பின் மெதட்டை அழைக்கிறது. மேலெழுதலின் பலம் முழுவதும் இந்த ஓரிடத்தில் இருக்கிறது. பரீட்சைக்கு வரைவிலக்கணம் மனப்பாடம் செய்கிற பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மாறியின் வகை நெல், உள்ளே இருப்பது ஈரநெல். எந்த விலை மெதட் ஓடும்?

ஈரநெல்லினுடையது. கேள்வியை இரண்டாகப் பிரித்தால் குழப்பம் தீரும்.

எந்த மெதட்டை அழைக்க அனுமதி உண்டு என்பதை, நிரலை ஓடுவதற்கு முன் மொழிபெயர்க்கும் கொம்பைலர் மாறியின் அறிவிக்கப்பட்ட வகையைப் பார்த்து முடிவுசெய்கிறது. நெல் என்று அறிவித்த மாறியில், ஈரநெல்லுக்கு மட்டும் உள்ள உலர்த்து என்ற மெதட்டை அழைத்தால் ஜாவா மறுத்துவிடும், உள்ளே இருப்பது ஈரநெல்லே ஆனாலும். அனுமதித்த மெதட்டின் எந்த வடிவம் ஓட வேண்டும் என்பதோ நிரல் ஓடும்போது, உண்மையில் அங்கே இருக்கும் ஒப்ஜெக்டைப் பார்த்து முடிவாகிறது.

இயந்திரத்துக்குள் இது வழக்கமாக ஓர் அட்டவணையால் நடக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் அதன் மெதட்டுகளின் முகவரிகள் அடங்கிய அட்டவணை ஒன்று உண்டு. சேய் வகுப்பின் அட்டவணை தாயினுடையதன் பிரதியாகத் தொடங்கும். மேலெழுதிய மெதட்டின் கட்டத்தில் மட்டும் புது முகவரி எழுதப்படும். ஒவ்வொரு ஒப்ஜெக்டும் தன் வகுப்பின் அட்டவணை எங்கே என்பதை வைத்திருக்கும். விலை இரண்டாம் கட்டத்தில் இருந்தால், அழைக்கும் நிரல் "இந்த ஒப்ஜெக்டின் அட்டவணையில் இரண்டாம் கட்டத்துக்குப் போ" என்று மட்டும் சொல்கிறது. அங்கே எந்த முகவரி இருக்கிறது என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

வேகம் குறையாதா என்று அடுத்த கேள்வி வரும். ஒரு படி கூடுகிறது, அவ்வளவுதான். ஜாவாவின் ஹொட்ஸ்பொட் இயந்திரம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது: ஏற்றப்பட்ட வகுப்புகளில் விலைக்கு ஒரே ஒரு வடிவம்தான் இருக்கிறது என்று கண்டால் அழைப்பையே நீக்கி, மெதட்டின் உடலை அந்த இடத்தில் பதித்துவிடும். பின்னர் இன்னொரு வடிவம் ஏற்றப்பட்டால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். ஆலைக்குப் பில் போடுகிறவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஓவர்லோடிங்குக்கும் ஓவர்ரைடிங்குக்கும் என்ன வேறுபாடு?

பெயர் ஒன்று, அளவுருக்கள் (மெதட் ஏற்கும் உள்ளீடுகள்) வேறு என்றால் ஓவர்லோடிங். பெயரும் அளவுருக்களும் ஒன்றாக, சேய் வகுப்பில் மறுபடி எழுதினால் ஓவர்ரைடிங். முதலாவதைக் கொம்பைலர் முன்கூட்டியே தீர்த்துவிடும். இரண்டாவது ஓடும்போது தீரும்.

இரண்டும் மோதும் இடம் ஒன்று உண்டு. அதை ஒருமுறையாவது கையால் செய்து பாருங்கள். ஜாவாவில் எல்லா வகுப்புக்கும் மூத்த தாயான ஒப்ஜெக்ட் வகுப்பில் ஈக்குவல்ஸ் என்ற மெதட் இருக்கிறது. அதன் அளவுரு ஒப்ஜெக்ட் வகை. நெல் வகுப்பில் நீங்கள் ஈக்குவல்ஸ் எழுதுகிறீர்கள். ஒப்பிடப்போவது நெல்லோடுதானே என்று அளவுருவின் வகையை நெல் என்று போடுகிறீர்கள். நிரல் பிழையின்றி கொம்பைல் ஆகும். நேரடியாக இரண்டு நெல்லை ஒப்பிட்டால் சரியான விடை வரும். ஆனால் ஒரு பட்டியலில் நெல்லைப் போட்டு, அதே மதிப்புகளோடு உருவாக்கிய இன்னொரு நெல்லைக் காட்டி "இது உள்ளே இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்கிறது.

காரணம், நீங்கள் மேலெழுதவில்லை. பக்கத்தில் இன்னொன்றை எழுதியிருக்கிறீர்கள். பட்டியல் அழைப்பது ஒப்ஜெக்ட் வகை அளவுருவுள்ள மூத்த மெதட்டை. அது இரண்டும் நினைவகத்தில் ஒரே ஒப்ஜெக்டா என்று மட்டும் பார்க்கும். ஈக்குவல்ஸை மேலெழுதுகிறவர்கள் ஒப்ஜெக்டுக்கு ஓர் எண் தரும் ஹாஷ்கோட் மெதட்டையும் சேர்த்து மேலெழுத வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்துத் தேடும் ஹாஷ் வகைத் தொகுப்புகளில் அதே ஏமாற்றம் மறுபடி வரும்.

மெதட்டுக்கு மேலே ஓவர்ரைட் என்று ஒரு குறி போடுகிறார்களே, அது கட்டாயமா?

ஜாவாவில் கட்டாயமில்லை. போடாவிட்டாலும் மேலெழுதல் நடக்கும். ஆனாலும் போடுங்கள். மேலே சொன்ன ஈக்குவல்ஸ் தவறில் இந்தக் குறி இருந்திருந்தால், "இது எதையும் மேலெழுதவில்லை" என்று கொம்பைலர் அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கும். 2004இல் வந்த ஜாவா 5இல் இது சேர்ந்தது. சி பிளஸ் பிளஸ்ஸுக்கு 2011ஆம் ஆண்டுத் தரத்தில் அதே பெயரில் ஒரு சொல் வந்தது. பைதனில் 2023இல் வந்த 3.12ஆம் பதிப்பு இதைக் கொண்டுவந்தது. ஆனால் அங்கே ஓடும்போது யாரும் சரிபார்ப்பதில்லை, வகை சரிபார்க்கும் தனிக் கருவிகளே பார்க்கும். சி ஷார்ப், கொட்லின் இரண்டும் கண்டிப்பானவை: தாய் வகுப்பு முன்கூட்டியே அனுமதி தர வேண்டும், சேய் வகுப்பும் மேலெழுதுவதாக வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்தது இந்தக் கண்டிப்புத்தான்.

மேலெழுதும்போது எதையெல்லாம் மாற்றலாம்?

தாயின் வாக்கைச் சுருக்காத எந்த மாற்றமும் செய்யலாம் என்பதை நினைவில் வைத்தால் விதிகளைத் தனித்தனியாகப் பாடமாக்க வேண்டியதில்லை. தாயில் எல்லோருக்கும் திறந்திருந்த மெதட்டைச் சேயில் மூட முடியாது, திறப்பைக் கூட்டலாம். தாய் நெல் திருப்புவதாகச் சொன்ன இடத்தில் சேய் ஈரநெல் திருப்பலாம், ஏனென்றால் ஈரநெல்லும் நெல்தான். ஜாவா 5 முதல் இதற்கு அனுமதி உண்டு. தாய் அறிவிக்காத, கட்டாயம் கையாள வேண்டிய வகைப் பிழை எதையும் சேய் புதிதாக வெளியே எறிய முடியாது.

பைனல் என்று குறித்த மெதட்டை மேலெழுத முடியாது. பிரைவேட் மெதட் சேய்க்குத் தெரியவே தெரியாது. அதே பெயரில் எழுதினால் அது புதிய மெதட்.

ஸ்டாட்டிக் மெதட்டையும் மாறிகளையும் மேலெழுத முடியுமா?

ஸ்டாட்டிக் என்றால் ஒப்ஜெக்டுக்கு அல்ல, வகுப்புக்கே உரியது. ஜாவாவில் இரண்டையும் மேலெழுத முடியாது. எழுதலாம், ஆனால் அது மறைத்தல். நெல் என்று அறிவித்த மாறி வழியாகப் பார்த்தால் தாயினுடையது தெரியும், ஈரநெல் என்று அறிவித்த மாறி வழியாகப் பார்த்தால் சேயினுடையது. தேர்வுத் தாள்களில் இதை வைத்துப் பிடிப்பது பழைய வித்தை. நடைமுறையில் சேய் வகுப்பில் கிலோவிலை என்று மறுபடி ஒரு மாறியை அறிவிக்காதீர்கள். ஒரே ஒப்ஜெக்டில் இரண்டு கிலோவிலை வந்து சேரும், தாயின் மெதட்டுகள் ஒன்றையும் சேயின் மெதட்டுகள் மற்றதையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

தாயின் மெதட்டை முழுவதுமாகத் தூக்கியெறியாமல் அதோடு சேர்த்துக்கொள்ளலாமா?

சூப்பர் என்ற சொல் அதற்குத்தான். ஈரநெல்லின் விலையை, தாயின் விலையை முதலில் கேட்டு வாங்கி, அதிலிருந்து கழிப்பதாகவும் எழுதலாம். அப்படி எழுதினால் நாளைக்குத் தாய் வகுப்பில் ஏற்றுக் கூலி சேர்ந்தால் சேய்க்கும் அது தானாக வரும். அது வர வேண்டுமா, வரக்கூடாதா என்பது ஆலைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கொன்ஸ்ட்ரக்டருக்குள் மெதட்டை அழைக்கக் கூடாது என்கிறார்களே, ஏன்?

கொன்ஸ்ட்ரக்டர் என்பது ஒப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் தொடக்க மெதட். அதற்குள் மேலெழுதக்கூடிய மெதட்டை அழைக்கக் கூடாது என்பதே சரியான வடிவம். எங்கள் நெல் வகுப்பிலேயே பார்ப்போம். ஒவ்வொரு முறையும் கணிப்பானேன், உருவாகும்போதே விலையைக் கணித்து வைத்துவிடலாம் என்று நெல்லின் கொன்ஸ்ட்ரக்டரில் கிலோவையும் கிலோவிலையையும் நிரப்பிவிட்டு விலை மெதட்டை அழைக்கிறோம்.

இப்போது 1000 கிலோ, 18 வீத ஈரத்தில் ஓர் ஈரநெல் உருவாகிறது. ஜாவாவில் தாயின் கொன்ஸ்ட்ரக்டர் முதலில் ஓடும். அது விலையை அழைக்கும்போது, உருவாவது ஈரநெல் என்பதால் ஈரநெல்லின் விலை ஓடும். ஆனால் சேயின் கொன்ஸ்ட்ரக்டர் இன்னும் தொடங்கவில்லை. ஈரப்பதத்தில் இருப்பது பூச்சியம். கழிவு 1000 × (0 − 14) ÷ 100, அதாவது கழித்தல் 140 கிலோ. கழிக்க வேண்டிய எடை கூடிவிடுகிறது. நனைந்த நெல்லுக்கு ஆலை 1,14,000 ரூபாய் கொடுக்கிறது, காய்ந்த நெல்லைவிட 14,000 அதிகமாக. பிழைச் செய்தி எதுவும் வராது. கமக்காரர் முறையிடவும் மாட்டார்.

இதே நிரலை சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதினால் 1,00,000 வரும், ஏனென்றால் தாயின் கொன்ஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் அந்த ஒப்ஜெக்ட் வெறும் நெல்லாகவே நடத்தப்படுகிறது. அதுவும் தவறான விடைதான். பைதனில், சேயின் தொடக்க மெதட் முதலில் சூப்பரை அழைத்துவிட்டுப் பிறகு ஈரப்பதத்தை வைத்தால், அப்படி ஒரு பண்பு இல்லை என்று நிரல் முறிந்து நிற்கும். மூன்றில் நேர்மையானது பைதன் என்பேன், தவறை மறைக்கவில்லை.

2025இல் வந்த ஜாவா 25இல், சூப்பரை அழைப்பதற்கு முன்பே சேய் தன் மாறிகளை நிரப்பிக்கொள்ள வழி திறந்திருக்கிறது. ஆலைகளிலும் கடைகளிலும் ஓடுவது பெரும்பாலும் பழைய ஜாவா. விலையைக் கேட்கும்போது கணிப்பதுதான் பாதுகாப்பு.

சி பிளஸ் பிளஸ்ஸில் நான் மேலெழுதியும் தாயின் மெதட்டே ஓடுகிறது.

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். தாய் வகுப்பில் அந்த மெதட்டுக்கு வேர்ச்சுவல் என்று குறிக்கவில்லை. அங்கே மேலெழுதல் தானாக நடப்பதில்லை. அல்லது ஒப்ஜெக்ட் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியாகவோ ரெபரன்சாகவோ அனுப்பாமல், ஒப்ஜெக்டையே பிரதியெடுத்து மதிப்பாக அனுப்பியிருக்கிறீர்கள். அப்போது நெல் அளவுக்கான பகுதி மட்டும் பிரதியாகி, ஈரப்பதம் வெட்டுப்பட்டுப் போகும். வேர்ச்சுவல் மெதட் உள்ள தாய் வகுப்புக்கு, ஒப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டரையும் வேர்ச்சுவலாக வையுங்கள். தாய்ச் சுட்டி வழியாகச் சேயை அழிக்கும்போது அது இல்லையென்றால் என்ன நடக்கும் என்று மொழித் தரம் எந்த உறுதியும் தருவதில்லை.

ஒரு வகுப்புக்கு இரண்டு தாய் இருக்கலாமா?

ஜாவாவில் வகுப்புகளுக்கு ஒரே தாய். குடி தாய்வழியாக மட்டும் வருவதால் "இவர் எந்தக் குடி" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடைப்பதைப் போலவே, "இந்த மெதட் எங்கிருந்து வந்தது" என்பதற்கும் ஒரே பாதை. அடிப்படையில் மெதட்டுகளின் பெயர்களை மட்டும் அறிவிக்கும் இன்டர்பேஸ்கள் எத்தனையும் இருக்கலாம். 2014இல் ஜாவா 8 வந்தபின் இன்டர்பேஸ்களுக்குள்ளும் உடலுள்ள மெதட் எழுத முடிவதால், இரண்டு இன்டர்பேஸ்கள் ஒரே மெதட்டுக்கு இரண்டு உடல் தந்தால் மோதல் வரும். ஜாவா தானாகத் தேர்ந்தெடுக்காது. நீயே மேலெழுதித் தீர்த்துக்கொள் என்று கொம்பைல் செய்ய மறுக்கும்.

சி பிளஸ் பிளஸ்ஸும் பைதனும் பல தாய்களை அனுமதிக்கின்றன. பைதன் 2.3 முதல் சி3 என்ற ஒழுங்கைப் பின்பற்றி எல்லா முன்னோரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. நெல்லுக்கு ஈரநெல், சேதனநெல் என்று இரண்டு சேய்கள். அந்த இரண்டுக்கும் சேயாக ஈரச்சேதனநெல். வரிசை: ஈரச்சேதனநெல், ஈரநெல், சேதனநெல், நெல். இதில் எதிர்பாராத ஒன்று இருக்கிறது. ஈரநெல்லுக்குள் சூப்பர் என்று எழுதினால் அது நெல்லுக்குப் போகும் என்று நினைப்போம். ஈரச்சேதனநெல் ஒப்ஜெக்டில் அது சேதனநெல்லுக்குப் போகிறது. ஈரநெல்லை எழுதியவருக்குச் சேதனநெல் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். சூப்பர் என்றால் "வரிசையில் அடுத்தவர்" என்று படியுங்கள். தாய் என்று படித்தால் ஒருநாள் மாட்டிக்கொள்வீர்கள்.

விதைநெல்லும் நெல்தானே. அதை நெல் வகுப்பின் சேயாக வைக்கலாமா?

சம்மாந்துறை மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. சேய் தாயின் இடத்தில் நிற்குமா என்பதற்குப் பாடநூல்கள் காட்டும் சதுரம், செவ்வகம் உதாரணம் இதற்கு ஈடாகாது.

வயலில் நின்று பார்த்தால் விதைநெல் நெல்தான். நிரலில் பதில் சொல்ல, நெல் வகுப்பு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதில் குற்று என்று ஒரு மெதட் இருக்கிறது, அரிசி திருப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்திட்ட விதைநெல்லை ஆலையில் போட்டு அரிசியாக்கக் கூடாது. எனவே விதைநெல் வகுப்பில் குற்று மெதட்டை மேலெழுதி, "இதைக் குற்ற முடியாது" என்று பிழை எறியச் செய்வீர்கள். கொம்பைலருக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் களஞ்சியத்தில் உள்ள எல்லா நெல்லையும் வரிசையாக எடுத்துக் குற்றும் ஒரு மெதட் எங்கோ இருக்கும். அது முதல் விதைநெல் மூட்டையில் முறிந்து நிற்கும். அதைத் தடுக்க "விதைநெல்லா என்று பார்" என்று அங்கே ஒரு நிபந்தனை சேர்ப்பீர்கள். பிறகு அதைப் போன்ற இன்னொரு இடத்தில். மேலெழுதலால் எந்த நிபந்தனைகளை ஒழிக்க நினைத்தோமோ அவையே திரும்பி வந்துவிடுகின்றன.

அமெரிக்கக் கணினி அறிஞர் பார்பரா லிஸ்கொவ் 1987இல் ஒரு மாநாட்டு உரையில் இதற்கான அளவுகோலை முன்வைத்தார். 1994இல் ஜெனெட் விங்குடன் சேர்ந்து அதை முறையாக எழுதினார். தாய் நிற்க வேண்டிய எந்த இடத்திலும் சேயை நிறுத்தினால், தாயை நம்பி எழுதிய நிரல் பிழைபடக் கூடாது. சேய் தாயைவிட அதிகமாகக் கேட்கக் கூடாது, குறைவாகத் தரக் கூடாது.

தீர்வு, குற்று மெதட்டை நெல்லிலிருந்து எடுத்துவிடுவது. எடையும் ஈரமும் நெல்லுக்குப் பொதுவாக இருக்கட்டும். ஆலைநெல் என்று ஒரு சேய்க்கு மட்டும் குற்று, விதைநெல்லுக்கு முளைதிறன். எந்த வகுப்பும் காப்பாற்ற முடியாத வாக்கைச் சுமக்காது.

அப்படியானால் எப்போது மரபுரிமை வேண்டாம்?

ஒரு வகுப்பின் நாலு மெதட் வசதியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதன் சேயாக ஆகாதீர்கள். அந்த வகுப்பின் ஒப்ஜெக்ட் ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு, வேண்டிய வேலையை அதனிடம் கொடுங்கள்.

ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே கெட்ட முன்மாதிரி உண்டு. கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் ஸ்டாக் வகுப்பு, வெக்டர் வகுப்பின் சேய். அதனால் ஸ்டாக்கின் நடுவில் எதையும் செருகலாம், எதையும் உருவலாம்; ஸ்டாக் என்ற எண்ணமே அடிபட்டுப் போகிறது. புதிய நிரலில் இதற்குப் பதிலாக, இரு முனையிலும் வைக்கவும் எடுக்கவும் கூடிய டெக் வகைகளைப் பயன்படுத்துமாறு ஜாவாவின் ஆவணமே அறிவுறுத்துகிறது. பழைய நிரல்கள் உடையும் என்பதால் ஸ்டாக்கை இனித் திருத்தவும் முடியாது.

எங்கள் ஆலைக் கணக்கிலும் இதையே யோசியுங்கள். பெரும்போகம், சிறுபோகம், சம்பா, நாடு, ஈரம், காய்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் சேய் வகுப்பு வைத்தால் பெருக்கிக்கொண்டே போகும். போகமும் இனமும் நெல்லின் பண்புகள். மாறியில் வைத்தால் போதும். ஈரநெல்லைக்கூட நான் விளக்கத்துக்காகத்தான் சேயாக வைத்தேன். களத்தில் இரண்டு நாள் வெயில் பட்டால் ஈரநெல் காய்ந்த நெல்லாகிவிடும், ஆனால் ஓர் ஒப்ஜெக்ட் பிறந்த வகுப்பை விட்டு மாறாது. உண்மையான நிரலில் விலைவிதி என்று தனி வகுப்பு வைத்து, அதற்குக் கழிவுவிதி, முழுவிலைவிதி என்று சேய்கள் வைப்பேன். நெல் தன் கையில் ஒரு விலைவிதியை வைத்திருக்கும். காய்ந்தால் விதியை மாற்றிக்கொள்ளும். மேலெழுதல் அங்கேயும் இருக்கிறது, இடம் மட்டும் மாறியிருக்கிறது.

இதையெல்லாம் முதலில் யோசித்தது யார்?

நோர்வேயின் ஒலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகோர்டும். ஒஸ்லோவில் அவர்கள் உருவாக்கிய சிமுலா 67 மொழியில்தான் வகுப்பு, சேய் வகுப்பு, மேலெழுதக்கூடிய வேர்ச்சுவல் செயல்கள் எல்லாம் ஒன்றாக வந்தன. நிஜ உலக நடப்புகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மொழி அது. அவர்களை யோசிக்க வைத்த கணக்குகளில் ஒன்று, சுங்கம் அறவிடும் பாலத்தில் லொறி, பஸ், கார் என்று வரிசையில் நிற்கும் வாகனங்கள்: வகை வேறு, ஆனால் எல்லாமே வரிசையில் நிற்கத் தெரிந்தவை. 2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை மட்டக்களப்பின் குறுகிய பழைய கல்லடிப் பாலத்தில் எதிர்ப்பக்கம் விடும்வரை காத்து நின்றவர்களுக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கும். டாலுக்கும் நிகோர்டுக்கும் 2001ஆம் ஆண்டுக்கான, கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது.

வகுப்புக்கும் மெதட்டுக்கும் உண்மையாகவே தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். ஜாவாவும் பைதன் 3உம் தமிழ் எழுத்துகளைப் பெயர்களில் ஏற்கின்றன. கோப்பை யுனிகோடில், யுடிஎப்-8 முறையில் சேமியுங்கள். ஜாவா 18க்கு முந்தையது என்றால் கொம்பைலருக்கு அதைத் தனியாகச் சொல்லவும் வேண்டும். அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இன்னும் புழங்கும் பாமினி எழுத்துருவில் தட்டியது உதவாது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான்.

மேலெழுதலோடு நேராகத் தொடர்புள்ள பொறி ஒன்றும் இதில் இருக்கிறது. மொத்தம் என்ற சொல்லின் "மொ" எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாக, அல்லது கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாக. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. எந்த விசைப்பலகை எதை உண்டாக்குகிறது என்பது அதை எழுதியவரைப் பொறுத்தது. பைதன் பெயர்களைப் படிக்கும்போதே இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஜாவா அப்படிச் செய்வதில்லை. தாய் வகுப்பில் ஒருவர் ஒரு விதமாகவும், சேய் வகுப்பில் இன்னொருவர் மற்ற விதமாகவும் மொத்தம் என்று எழுதினால், ஜாவாவுக்கு அவை வேறு வேறு மெதட்டுகள். சேயினுடையது எதையும் மேலெழுதாது, தாயினுடையதே ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை தடவை வாசித்தாலும் பிழை புலப்படாது.

ஓவர்ரைட் குறி போட்டிருந்தால் கொம்பைலர் பிடித்துவிடும். பிடித்தபின், தாயின் பெயரைப் பிரதியெடுத்துச் சேயில் ஒட்டுங்கள், மறுபடி தட்டாதீர்கள்.